லுஹருக்குப் பின் ஒரு மேடு, அஸருக்குப் பின் ஒரு மேடு

நான் வேலை செய்த அறை கல்முனைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஓர் ஏசி, ஓர் இரும்பு அலமாரி, அலமாரிக்குள் ஒரு ரவுட்டர் பெட்டி, பக்கத்தில் மேசை, மேசையில் பழைய லெப்டொப். மொட்டை மாடியில் உயரமான கம்பம் ஒன்று நின்றது. அதிலிருந்து வீட்டுக் கூரைகளில் பூட்டிய சிறு தட்டுகளுக்கு இண்டர்நெட் போகும். சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் வரைக்கும் போனது.

அந்தக் கம்பத்தை நிறுத்த கொங்கிரீட் சுமந்த கூலியாட்களில் நானும் ஒருவன். வேலை முடிந்ததும் மற்றவர்கள் போய்விட்டார்கள். அறையைக் கூட்டித் துடைக்கவும், கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போடவும் ஒருவர் தேவை என்று என்னை வைத்துக்கொண்டார்கள். நான் ஐந்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆட்களோடு பேசவும் எனக்கு வராது. அந்த அறைக்கு இரண்டுமே குறையாக இருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். என் மனைவி இருந்த வீடு அவளுக்கு அவள் உம்மா கொடுத்தது. மகளுக்குக் கல்யாணம் பேசியபோது அதே வீட்டை மகளின் பேரில் எழுதினோம். மனைவி மௌத்தாகி, அவளை அடக்கம் செய்தபின் அந்த வீட்டில் பின்னறை ஒன்றில் நான் இருக்கிறேன். மகளும் மருமகனும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. என்றாலும் மருமகன் ஹோலில் இருந்தால் நான் பின்வாசலால் போவேன். நான் இருந்தால் அவர் எழுந்து வெளியே போவார். இருவரும் ஒரே மாதிரி ஆட்கள். அதனால் காலையில் அறையைத் திறக்கப் போகிறவன், பொழுதுபட்டு மஃரிப் தொழுதுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். பகலை வைத்துக்கொள்ள எனக்கென்று இருந்த ஒரே இடம் அந்த அறை.

பெட்டியைப் பற்றிச் சொல்லித் தந்தவர் கொழும்பில் இருந்த எஞ்சினியர். என்னைவிட வயது குறைந்தவர். ஒரு தடவைதான் நேரில் வந்திருக்கிறார். மற்றதெல்லாம் போனில்தான். நான் அவரை சேர் என்பேன். அவர் என்னை அண்ணன் முறையில் நானா என்பார். "நானா, சேர் எண்டு சொல்லாதீங்க, எனக்கு வயசு போன மாதிரி ஈக்கி" என்பார். அடுத்த தடவையும் நான் சேர் என்றே சொல்வேன்.

லெப்டொப்பில் எந்த எழுத்துகளை எந்த வரிசையில் அடிக்க வேண்டும் என்று அவர் சொன்னார். அடித்தால் திரையில் ஒரு வரைபடம் வரும். படம் என்று சொன்னாலும் அது வெறும் குறிகள்தான். இடது ஓரத்தில் கீழிருந்து மேலே பத்து, இருபது என்று நூறு வரைக்கும் ஏணிப்படி போல எண்கள். அடியில் மணிக்கணக்கு. நடுவில் நட்சத்திரக் குறிகளும், மூங்கில் தட்டி போன்ற குறுக்குக் குறிகளும் தூண் தூணாக எழும்பி நிற்கும். பெட்டியின் மூளை எவ்வளவு வேலை செய்தது என்பதை அது சொல்லும். கடந்த ஒரு நிமிடத்துக்கு ஒன்று, ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்று, மூன்று நாட்களுக்கு ஒன்று என மூன்று படங்கள்.

"நட்சத்திரம் எண்டா அந்த மணித்தியாலத்துல ஆகக் கூடின வேலை. தட்டி எண்டா சராசரி" என்றார் எஞ்சினியர். எனக்குச் சராசரி விளங்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. "நானா, கல்முனையில ஈந்து அக்கரைப்பற்றுக்கு பஸ் போகுதில்லையா? ஒரு ஹோல்ட்டுல மட்டும் ஆக்கள் தொங்கிட்டுப் போறாங்க. மத்த இடமெல்லாம் சீட் சும்மா கிடக்கு. தொங்கிறது நட்சத்திரம். சும்மா கிடக்கிறதையும் சேத்துப் பாக்கிறது தட்டி. நட்சத்திரத்தைக் கண்டு பயப்பட வேணாம். தட்டி மேல ஏறினாத்தான் எனக்கு கோல் எடுக்கணும்."

அதற்குப் பிறகு எனக்கு அது விளங்காமல் போனதில்லை.

இன்னொன்றும் சொன்னார். புதிய நேரம் இடது பக்கத்தில் இருக்கும், பழையது வலது பக்கத்தில், எல்லாரும் இதில் தடுமாறுவார்கள், கவனம் என்றார். எனக்குத் தடுமாறவில்லை. சின்ன வயதிலிருந்து குர்ஆன் ஓதிய கண் வலது பக்கத்தில்தான் தொடங்கும். நான் அதை முந்தாநாளிலிருந்து இன்றைக்கு என்று வலமிருந்து இடமாக ஓதிக்கொண்டு போவேன்.

ஆட்கள் நிறைந்திருந்த காலத்தில் அந்தப் படத்தில் எங்கள் ஊர் தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் பள்ளமாக இறங்கும். நோன்பு நாட்களில் பின்னேரம் அஸருக்குப் பிறகு மேலே ஏறிக்கொண்டே போய், நோன்பு திறக்கும் நேரத்தில் படுத்துவிடும். பள்ளிக்கூடங்கள் மூடி, பிள்ளைகள் வீட்டிலிருந்து படித்த காலத்தில் காலை முழுவதும் தட்டிகள் தலைக்கு மேல் நின்றன. அப்போதெல்லாம் நான் அறையில் தனியாக இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. ஒவ்வொரு தூணுக்குள்ளும் ஒரு கூட்டம் நிற்கிற மாதிரி இருக்கும்.

பிறகு தெருவெங்கும் பைபர் லைன் வந்தது. கம்பனியும் வேறோர் இடத்தில் புதிய பெட்டி வைத்து, ஒவ்வொரு வீடாக அதற்கு மாற்றியது. எங்கள் பெட்டியின் தூண்கள் மாதத்துக்கு மாதம் குட்டையாகின. கூட்டம் கலைந்துபோவது போல இருந்தது. கடைசியில் கொழும்பிலிருந்து பெட்டிக்குள் நுழைகிற வழியும் அறுந்தது. பெட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த அறைக்குள் வந்து, லெப்டொப்பை வயரால் பூட்டிப் பார்க்க வேண்டும். அதாவது நான்தான் பார்க்க வேண்டும்.

எஞ்சினியர் சொன்னார்: "யாராச்சும் ஒருத்தர் அதுல ஈக்கிற வரைக்கும் நிப்பாட்ட ஏலா நானா. சொல்லாம நிப்பாட்டினா கம்பனிக்குப் பிரச்சினை. ஒருத்தரும் இல்லையெண்டா பெட்டிய எடுத்துட்டு அறைய ஓனருக்குக் குடுத்துருவோம். நீங்க ஒரு நாளைக்கு ரெண்டு தடவை பாருங்க. முதல்ல அந்த நீளமான கட்டளைய அடிச்சி எல்லாத்தையும் சேமிங்க. மறுகா கிராஃபை எடுத்து வட்ஸ்அப்ல போடுங்க."

மறுகா என்றால் பிறகு, எங்கள் பக்கத்துச் சொல். என்னோடு பேசிப் பேசி அவருக்கும் ஒட்டிக்கொண்டது.

நீளமான கட்டளை என்பது பெட்டிக்குள் இருக்கும் அத்தனையையும் வெளியே கொட்டச் சொல்வது. அடித்தால் எழுத்துகள் ஓடிக்கொண்டே இருக்கும். முடியும்வரை நான் காத்திருப்பேன். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து ஒரு தடவை, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து ஒரு தடவை செய்வேன்.

மூன்று நாள் படத்தில் தட்டிக் குறிகள் ஒன்றுகூட இல்லை. தரை வெறுமையாகக் கிடந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் இரண்டு இடங்களில் நட்சத்திரத் தூண் தனியாக எழும்பி நின்றது. லுஹருக்குப் பின் ஒன்று, அஸருக்குப் பின் ஒன்று. போட்டோ எடுத்து அனுப்பினேன். "ஓ, ஒருத்தர் ஈக்கிறாரு போல. சரி, விடுங்க" என்று எஞ்சினியர் பதில் போட்டார். அவருக்கு வேறு நூறு வேலை.

வெள்ளிக்கிழமைதான் எனக்கு விஷயத்தைச் சொன்னது. அன்றைக்கு மட்டும் மத்தியானத் தூண் ஒரு மணித்தியாலம் பிந்தி நின்றது. ஜும்ஆ முடிய நேரமாகும். அப்படியென்றால் ஆள் பள்ளிவாசலுக்குப் போகிறவர். ஜமாஅத்தோடு சேர்ந்து தொழுவதைத் தவற விடாதவர். தொழுது முடித்து வீட்டுக்குப் போய், கொஞ்ச நேரம் இண்டர்நெட்டில் யாரோடோ பேசிவிட்டு நிறுத்திவிடுகிறார். மகன் கட்டாரில் இருக்கலாம். மனைவி இல்லாதவராகவும் இருக்கலாம். பைபர் லைனுக்கு மாறச் சொல்லி ஆட்கள் வந்தபோது, கதவைத் திறந்து கதைக்க வெட்கப்பட்டு உள்ளேயே இருந்திருப்பார். இதெல்லாம் நானாக நினைத்துக்கொண்டதுதான். ஆனால் நினைக்க நினைக்க அவர் எனக்குத் தெரிந்தவராகிவிட்டார். காலையில் அறையைத் திறந்ததும் நேற்றைய அஸர் தூண் நிற்கிறதா என்று அறிய ஆசையாக இருக்கும். லுஹர்வரை பொறுத்திருப்பேன்.

பள்ளியில் தொழுது முடித்து ஸலாம் கொடுத்ததும் நான் ஆட்களின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினேன். எங்கள் பள்ளியில் அஸர் முடிந்ததும் துஆவுக்குக்கூட நிற்காமல் செருப்பைத் தேடுகிற ஒருவர் இருந்தார். தபால் கந்தோரில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கியவர். தனியாகத்தான் வருவார், தனியாகத்தான் போவார். இவராக இருக்கும் என்று பல நாள் நினைத்தேன். ஒரு நாள் வாசலில் வழிமறித்து, மூத்தவரை அழைக்கிற முறையில் காக்கா என்று கூப்பிட்டேன். எனக்கு அது பெரிய காரியம்.

"காக்கா, வீட்ட இண்டர்நெட் இரிக்கா?"

"இரிக்கி. ஏன், நீயும் கனெக்சன் விக்க வெளிக்கிட்டயா?"

"இல்ல. கூரையில தட்டு ஒண்டு பூட்டினயா?"

"தட்டா? அது கிடக்கு. காகம் வந்து குந்தும். மகன் பைபர் எடுத்துத் தந்தான், எனக்கு அதையும் போடத் தெரியா."

"அப்ப ஏன் அஸர் முடிஞ்சதும் இப்பிடி ஓடுற?"

செருப்படியில் நின்ற தையற்காரர் குறுக்கே புகுந்தார். "கேட்டுட்டான், பதில செல்லுங்க காக்கா. ஊரே கேக்க நெனச்ச கேள்வி."

"ஆட்டுக்குக் குழை கட்டணும்டா" என்றார் பென்ஷன்காரர். "அதுக்கு நேரம் தெரியும். பிந்தினா கத்திக் கத்தி அயல உசுப்பும். உனக்குத் தொழுகையில நினைவு எங்க கா நிக்கி? என்ட காலடியிலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறைக்குத் திரும்பும்போது அவர் இல்லையென்றால் வேறு யார் என்ற யோசனைதான். ஆள் வேறு பள்ளியில் தொழுகிறவராகவும் இருக்கலாம். மருதமுனையாக இருக்கலாம். தட்டு எட்டிய ஊர்களையெல்லாம் மனதில் சுற்றிவந்தேன்.

அந்த நாட்களில்தான் இறக்காமத்தில் என் மச்சான், கூடப்பிறந்த மூத்த ராத்தாவின் மாப்பிள்ளை, மௌத்தானார். செய்தி வந்ததும் அறையைப் பூட்டிவிட்டுப் போனேன். மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்தும் ராத்தா விடவில்லை. யானை வந்து வயலை மிதித்திருந்தது. வரம்பு கட்ட ஆளில்லை, நின்றேன். பெட்டியை நினைக்காமல் இல்லை. ஆனால் அதற்கு என்ன ஆகப்போகிறது, அது தன் பாட்டில் கிடக்கும் என்றிருந்தேன்.

திரும்பிவந்து, லுஹர் தொழுது, நீளமான கட்டளையை அடித்து, படத்தை எடுத்தேன். மூன்று நாட்களும் வெறும் தரை. ஒரு நட்சத்திரம் இல்லை.

ஒருவர் தினமும் வந்து இருமிவிட்டுப் போகிற வாசலில் திடீரென்று சத்தமே இல்லாமற்போன மாதிரி இருந்தது. கீழே இறங்கிப் பள்ளிக்குப் போய், பாங்கு சொல்கிற மோதினாரைப் பிடித்தேன். நான் இல்லாத நாட்களில் யார் மௌத்தானதாக ஒலிபெருக்கியில் மையித்து அறிவித்தார்கள் என்று கேட்டேன்.

"ஒரு மூத்தம்மா. ஆஸ்பத்திரி ரோட்டு." என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "உங்கட மச்சான்ட மையித்தும் அறிவிச்சம். என்ன, யாரத் தேடுறீங்க?"

"ஆம்புள ஒருத்தர்."

"பேர்?"

பெயர் எனக்குத் தெரியாது. சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு அஸர் தொழுகையில் அவருக்காகவும் துஆ கேட்டேன். உயிரோடு இருக்கிறவருக்குக் கேட்கும் துஆவா, மௌத்தானவருக்குக் கேட்பதா என்று தெரியாமல் இரண்டையும் கேட்டேன்.

அஸருக்குப் பிறகு அறைக்கு வந்து பார்த்தால், இடது ஓரத்தில், லுஹருக்குப் பின் ஒரு தூண் நின்றது. அடுத்த நாள் பார்த்தால் இரண்டு. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். எஞ்சினியர் கேட்காமலே போன் எடுத்தேன். நானாக அவருக்குப் போன் எடுத்தது அதுதான் முதல் தடவை.

"சேர், ஆள் திரும்ப வந்திட்டார்."

"யாரு?"

"நம்மட பெட்டியில இரிக்கிற ஆள். மூணு நாளா ஆளக் காணல்ல. இப்ப வந்திட்டார்."

"ஓ அவரா? எங்க போயித்து வந்தாராம்?" அவர் ஏதோ வாகனத்தில் போய்க்கொண்டிருந்தார், ஹோர்ன் சத்தம் கேட்டது. "நீங்களும் மூணு நாளா போட்டோ ஒண்டும் போடல்லயே நானா. எங்க போன?"

"இறக்காமத்துக்கு. ஒரு மௌத்து."

"இன்னாலில்லாஹ். அப்ப அவரையும் கூட்டிட்டுப் போனீங்களா?" சிரித்தார். "சரி நானா, அவர் ஈக்கிற வரைக்கும் பெட்டி ஈக்கட்டும். நான் மறுகா எடுக்கேன்."

போனை மேசையில் வைத்தேன். அவர் பகிடிக்குச் சொன்னதுதான். ஆனால் அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நான் கதிரையில் அப்படியே இருந்தேன். இதுவரை தேவைப்படாததால் ஒரு நாளும் எடுக்காத ஒரு நிமிடப் படத்தை அப்போது எடுத்துப் பார்த்தேன். வெறும் தரை. பிறகு நீளமான கட்டளையை அடித்தேன். எழுத்துகள் ஓடின. நின்றதும் ஒரு நிமிடப் படத்தை மறுபடி எடுத்தேன். இடது பக்கத்தில் நட்சத்திரங்கள் சுவர் மாதிரி எழும்பி நின்றன.

உள்ளதையெல்லாம் கொட்டச் சொன்னால் பெட்டிக்கு அது வேலை. அந்த வேலையை நாளுக்கு இரண்டு தடவை கொடுத்தது நான். மணித்தியாலம் முடிந்த பிறகே மூன்று நாள் படத்தில் தூண் விழும். அதனால் நான் பார்க்கும்போது என் தூண் அங்கே இருக்காது. அடுத்த தடவை வரும்போது நின்றுகொண்டிருக்கும். ஜும்ஆவுக்குப் போய்ப் பிந்தி வந்ததும் நான்தான். வீட்டில் கதவைத் திறந்து ஆட்களோடு கதைக்க வெட்கப்படுகிறவர் என்று நினைத்தேனே, அதுவும்.

எஞ்சினியருக்கு இது படவில்லை. நான் சொல்லாவிட்டால் படப்போவதும் இல்லை. லுஹருக்கும் அஸருக்கும் பிறகு வந்து நான் பார்த்துக்கொண்டிருந்தால் தூண்கள் நிற்கும், பெட்டி நிற்கும், அறை நிற்கும், காலையில் போவதற்கு எனக்கு ஓர் இடம் இருக்கும். அதை யோசித்தேன், யோசிக்காமல் இல்லை. ஆனால் அடுத்த நாள் லுஹர் முடித்து லெப்டொப்பின் முன்னால் இருந்தபோது கட்டளையை அடிக்கக் கை போகவில்லை. அடித்தால் என்ன வரும் என்று தெரியும். அங்கே நான் பார்க்க வந்த ஆள் இல்லை.

என்றாலும் சந்தேகம் ஒன்று இருந்தது. என் தூணுக்குப் பின்னால் வேறு யாராவது ஒருவர் சின்னதாக இருந்தால்? நான் இறக்காமத்தில் நின்ற நாட்களில் அவரும் ஊரில் இல்லாமல் இருந்திருந்தால்? உயரமானதைத்தானே நட்சத்திரம் காட்டும். அதை அறிய ஒரே வழி, மூன்று நாட்கள் பெட்டியைத் தொடாமல் இருப்பது.

அந்த மூன்று நாட்களும் அறைக்குப் போனேன். கூட்டினேன், துடைத்தேன். லெப்டொப்பை மூடி வைத்தேன். பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீழே துணிக்கடையில் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உடுப்பெடுக்க வந்த சனங்களின் சத்தம் தரை வழியாக வந்தது. பள்ளிக்குப் போனேன், ஆனால் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பென்ஷன்காரர் வாசலில் நின்று, "என்ன கா, விசாரணை முடிஞ்சுதா?" என்றார். ஓம் என்றேன்.

பிறகு திறந்து பார்த்தேன். வலது ஓரத்திலிருந்து இடது ஓரம் வரை ஓதினேன். ஒன்றும் இல்லை.

எஞ்சினியருக்கு எடுத்துச் சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை, விளங்கியதும் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"அப்ப ஒருத்தரும் இல்லையா நானா?"

"ஒருத்தரும் இல்ல சேர்."

"எவ்வளவு நாளா?"

"தெரியா. நான் பாக்கத் தொடங்கின நாள்ல இருந்தே இல்லாம இருந்திரிக்கும்."

"நீங்க சொல்லாம இருந்தீங்கண்டா எனக்குத் தெரிஞ்சே ஈக்காது" என்றார். பிறகு, "வேற இடத்துல ஏதும் இருந்தாச் சொல்றேன். நம்பர மாத்த வேணாம்" என்றார். நல்ல மனிதர். அதற்குப் பிறகு பெருநாளைக்கு ஒரு ஸலாம் போட்டிருந்தார்.

சுவிட்சை நானே நிறுத்தலாம் என்று சொன்னார்கள். முதலில் பெட்டியை, பிறகு ஏசியை. இரண்டும் நின்றபோது, இத்தனை வருடமும் நான் இருந்தது எவ்வளவு சத்தத்துக்குள் என்று தெரிந்தது. வேனில் வந்தவர்கள் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். சாவியைத் துணிக்கடை முதலாளியிடம் கொடுத்தேன். அவர் கணக்குப் பார்த்துக்கொண்டே வாங்கி, மேசை லாச்சியில் போட்டார்.

வெயில் சாயவில்லை. அந்த நேரத்தில் வீட்டுக்குப் போவது எனக்குப் பழக்கமில்லை. முன்வாசலால் போனேன். மருமகன் சாரனோடு தரையில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தி அவர் வயிற்றில் ஏறி இருந்தாள். இருவரும் எதற்கோ பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் மருமகன் எழுந்து சேர்ட்டைத் தேடினார். டிவியின் சத்தத்தைக் குறைத்தார். மகள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன வாப்பா, சுகமில்லையா?"

"சுகம்தான் மகள். அந்த வேலை முடிஞ்சித்து. இனி இந்த நேரத்துக்கு வருவன்."

"நல்லம்தானே. இருங்க, தேத்தண்ணி ஊத்துறன்."

மருமகன் கதிரையை இழுத்துப் போட்டார். இருந்தேன். அவரும் எதிரில் இருந்தார். டிவியில் ஆட்கள் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள், என்ன சொல்கிறார்கள் என்று கேட்கவில்லை. பேத்தி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தேத்தண்ணி வந்தது, குடித்தேன். காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று கோப்பையை வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போனேன். கிணற்றுக் கட்டில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே டிவியின் சத்தம் கூடியது. பேத்தி மறுபடியும் சிரிக்கத் தொடங்கினாள். அஸர் பாங்கு சொல்லும்வரை நான் அங்கேயே இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.